அரை நூல் ஆட்டம்

சாம்பலோடை ஜீப் ஸ்டாண்டில் ஆட்டம் இல்லாத ஸ்டியரிங் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தால் முன்சக்கரம் கண்டுகொள்ளாமல் நிற்கும், அப்படிச் சும்மா ஆடுகிற அந்தக் கொஞ்சத்துக்குத்தான் ஆட்டம் என்று பேர், வண்டிக்கு வயசாக ஆக அதுவும் கூடிக்கொண்டே போகும். புது புஷ் போட்டு வேலை முடித்து முறுக்கும்போதுகூட எந்த மெக்கானிக்கும் அரை நூல் ஆட்டம், ஒரு நெல்மணி கனத்துக்கு, விட்டுத்தான் முறுக்குவான், அதையும் எடுத்துவிட்டால் என்னடா என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாமல், "விட்டுறணும்ணே, அது அப்படித்தான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான். சுருளிவேல் விடவில்லை. தன் வீட்டு வாசலில், தன் கையால், அந்த அரை நூலையும் சேர்த்து முறுக்கிவிட்டான், அப்படிச் செய்ய அவனுக்கு ஒரு காரணம் இருந்தது.

அவனுடைய ஜீப் தேன்பாறை வளைவில் பள்ளத்தில் விழுந்து எழுந்த ஜீப். அன்றைக்கு அதை ஓட்டிக்கொண்டு போனவன் குபேந்திரன், சுருளியின் பெண்டாட்டி பவுன்தாயின் கூடப்பிறந்த தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து போனவன் சன்னாசி, சுருளியின் கூடப்பிறந்த தம்பி. குபேந்திரன் எகிறிக் குதித்துப் பிழைத்துக்கொண்டான், சன்னாசி வண்டியோடு போனான், பள்ளத்துக்கு அடியில் ஐப்பசி வெள்ளம் சுழித்து ஓடியது, வண்டி பாறையில் சிக்கி நின்றது, ஆளை ஆறு கொண்டுபோய்விட்டது. கயிறு கட்டி ஜீப்பை மேலே இழுத்தபோது சீட்டில் சுற்றிக் கிடந்த சன்னாசியின் சட்டை ஒன்றுதான் மிச்சம், அதை வைத்துத்தான் சுடுகாட்டில் எரித்தார்கள். சிராய்த்த முழங்கையோடு வந்து சுருளியின் காலைக் கட்டிக்கொண்டு குபேந்திரன் சொன்னது ஒரே ஒரு பேச்சு. "நான் ஒடிச்சேன் மாமா. வண்டி திரும்பல."

மலை டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் திருப்புவதை ஒடிப்பது என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சு அன்றைக்கு சுருளியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஏனென்றால் ஸ்டியரிங்கில் ஆட்டம் கூடிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் மேலேயும் தம்பி அடியிலேயும் இருந்துதான் அந்த வேலையை எப்போதும் பார்ப்பார்கள், அந்த வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மேலே எஸ்டேட்டில் களையெடுக்க வரும் புஷ்பம் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சன்னாசி சொல்லிவிட்டான், அவள் வேற ஆளுக, சுருளி அவனை ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னாலும் அறைந்து, "அந்தப் பிள்ளையோட ஒன்னையப் பாத்தேன், கைகால ஒடிச்சுப் போட்டுருவேன்" என்று கத்தியிருந்தான். அப்போதெல்லாம் சுருளிக்கு வாய்க்கு முந்திக் கைதான் பேசும், அது ஸ்டாண்டுக்கும் தெரியும், பவுன்தாயின் முதுகுக்கும் தெரியும். வேலைக்கு அவனாக வந்து கூப்பிடட்டும் என்று வீம்புக்கு ஸ்டியரிங்கைத் தொடாமல் விட்டவன் அவன்தான். விட்ட நாலைந்து நாளில் தம்பி போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆளாகிப் போனான். மொட்டை போட்ட தலையோடு கையும் இறங்கிப்போயிற்று. சத்தம் போட்டுப் பேசுவதில்லை, யார் வண்டி முதலில் என்கிற டர்ன் சண்டையில் விட்டுக்கொடுத்துவிடுவான், அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வந்து தின்னும்வரை நின்று பார்ப்பான், வீட்டில் தட்டை அவனே கழுவி வைப்பான். "சுருளி தங்கமாயிட்டான்யா" என்று டீக்கடை வீரம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பள்ளத்தில் இருந்து வந்த ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு வாசலில் மூடி வைத்துவிட்டு நாலு வருசமாக அடுத்தவர்கள் வண்டியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான், ஏலக்காய் எடுப்பு தொடங்கும் ஒரு சமயத்தில் திடீரென்று தார்ப்பாயை உருவிப் போட்டான்.

"அத ஏன் இப்பப் போய் நோண்டுறீங்க? காயலாங்கடைக்குப் போட்டுத் தொலைங்க" என்றாள் பவுன்தாய். குபேந்திரன் வந்து, "டவுன்ல இருந்து மெக்கானிக்கக் கூட்டியாறேன் மாமா, நீங்க சிரமப்படாதீங்க" என்றான். "என் கையால விட்டது மாப்ள, என் கையாலதான் சரி பண்ணணும்" என்றான் சுருளி. சாக்கை விரித்தான், ஹாரன் மூடியைக் கழற்றினான், நடு நட்டைத் தளர்த்தி அடியில் மரக்கட்டை வைத்துத் தட்டி ஸ்டியரிங்கை உருவினான், டேஷ்போர்டுக்குக் கீழே கவ்விப் பிடித்திருந்த கிளாம்பை அவிழ்த்து நீளக் குழாயை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினான். குழாய்க்குள் தண்டைப் பிடித்து நிற்கிற புஷ் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. தேய்ந்திருந்ததே தவிர, அப்படி ஒன்றும் மோசமாகத் தேய்ந்திருக்கவில்லை, இதைவிட மோசமான வண்டிகளெல்லாம் தினமும் மலை ஏறிக்கொண்டிருந்தன. இத்தனூண்டு தேய்மானத்துக்கா என் தம்பியைக் கொடுத்தேன் என்று அவன் அந்தப் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான், பவுன்தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளைப் புஷ்ஷைத் தட்டி இறக்கினான். அடியில் ஸ்டியரிங் பெட்டியின் திருகை முறுக்கினான். அரை நூல் விட வேண்டிய இடம் வந்தது, சன்னாசியின் முகம் ஞாபகம் வந்தது, ஸ்பேனரை இன்னொரு தரம் பிடித்து அழுத்தி அந்த அரை நூலையும் முறுக்கி எடுத்துவிட்டான்.

முதல் நாள் பெட்ரோல் போடுவதற்காகக் கிளம்பினான், ஜீப் சுடுகாட்டுக்குப் போயிற்று. சட்டையை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் போய் மரியாதையாக நின்றது. தானே நினைப்பில்லாமல் ஓட்டி வந்துவிட்டோம் என்று நினைத்து அவன் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் திரும்பினான். மறுநாளும் அங்கேதான் போயிற்று, இடது பக்கம் ஒடித்தான், அது கோபித்துக்கொள்ளாமல் வலது பக்கம் திரும்பியது. ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரி அவன் ஸ்டாண்டில் வந்து, "வண்டி கை போற பக்கம் போக மாட்டேங்குது, நெனப்பு போற பக்கம் போகுது" என்று சொன்னான். மொக்கராசு என்ற டிரைவர், ஓட்டத் தெரியாதவனுக்கு ரோடு கோணல் என்று கிண்டல் பண்ணிவிட்டு, அந்த ஜீப்பிலேயே ஏலத்தோட்டத்துக்குப் போகிற பொம்பளையாட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் கிளம்பியவன், நேரே சந்தைப்பேட்டை புரோட்டாக் கடை வாசலில் போய் நின்றான். தூக்குவாளியும் கையுமாக உட்கார்ந்திருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் கடைக்காரன் கல்லில் கிடந்த புரோட்டாவைக் கருக விட்டான்.

சாம்பலோடை ஆட்களுக்கு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுப் போயிற்று, அதிசயப்பட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. மனுசனுக்கு நினைப்புக்கும் கைக்கும் நடுவில் அரை நூல் ஆட்டம் இருக்கிறது, அந்த அரை நூலில்தான் நினைப்பு ஒரு பக்கம் போக மனுசன் வேலைக்குப் போய்ச் சேருகிறான், சுருளி அதை முறுக்கி எடுத்துவிட்டான், அதனால் வண்டி மனசுக்குப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று வீரம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூசாரி வந்து ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், வைத்த கையோடு அதைப் பிடித்தும் பார்த்தார், கோயிலுக்குப் போகும் என்று எல்லாரும் வழி விட்டு நிற்க அது அவரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் மகள் ஊர் பஸ்ஸுக்கு முன்னால் இறக்கிவிட்டது, ஏறிப் போனவர் ஆடி முடிந்துதான் திரும்பி வந்தார், சாமியும் அதை ஒன்றும் தப்பாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மலைக்கு ஆள் ஏற்றத்தான் முதலில் திண்டாட்டமாக இருந்தது, எந்த டிரைவருக்குமே மனசு மலையில் இல்லை. கடைசியில் ஒச்சம்மாள் என்ற தோட்டத்து வேலைக்காரி, சைக்கிள்கூட மிதித்து அறியாதவள், "நேரமாச்சு, கங்காணி திருப்பி அனுப்பிருவான்" என்று பதறிப்போய் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள், பிடித்ததுதான் தாமதம், ஜீப் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி அத்தனை வளைவையும் ஏறி எஸ்டேட் வாசலில் நின்றது. அதிலிருந்து பொம்பளைகளே முறை வைத்து ஓட்டினார்கள், சுருளி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தான். செக்போஸ்டில் லைசென்ஸ் கேட்டார்கள், "நாங்க எங்கய்யா ஓட்டுறோம், சும்மா புடிச்சுக்கிட்டு வர்றோம்" என்றார்கள், போலீஸ்காரர் சும்மா பிடிப்பதற்கு என்ன சட்டம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனைக் கூட்டி வந்து பிடிக்க வைத்தார்கள், ஒருவன் பெண் வீட்டுக்குத்தான் போனான் என்றாலும் பெண்ணின் தங்கை நின்ற பக்கமாக வண்டியை நிறுத்தியதால் அந்தச் சம்பந்தம் கலைந்தது. ஆடு திருடியவன் பிடித்ததும் வண்டி நேரே ஆட்டிடமே போயிற்று, ஆடும் அவனைப் பார்த்துச் சந்தோஷமாகக் கத்தியது, பாவம் அதன் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று உடையவனே விட்டுக்கொடுத்துவிட்டான். வார்டு மெம்பர் தனக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லி, நடக்கிற தெருவையே மாற்றிக்கொண்டார். தூரத்து ஊரில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி சும்மா தொட்டாள், ஜீப் மலையை விட்டு இறங்கி அவள் ஆத்தாள் வீட்டைப் பார்க்க ஓடியது, புருசன் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டான், அவள் சாப்பிட்டுவிட்டு அவனுக்கும் ஒரு தூக்கில் கறி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் பெண்டுகள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

சுருளிக்கு நிறைவாக இருந்தது. செய்த பாவத்துக்கு ஊருக்கு ஏதோ திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் எங்கெங்கோ போகிற வண்டி அவனுக்கு மட்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிற்று, அதையும் அவன் நியாயம் என்றே எடுத்துக்கொண்டான். ஊரில் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்காத ஆண்பிள்ளை வார்டு மெம்பரைத் தவிர ஒரே ஒருத்தன்தான், அவன் குபேந்திரன். விபத்துக்குப் பிறகு அவன் எந்த வண்டியையும் ஓட்டுவதில்லை, ஸ்டாண்டில் நின்று "மேட்டுக்கு, மேட்டுக்கு, ரெண்டு சீட்டு" என்று ஆள் கூப்பிடுகிற வேலையோடு சரி. அவனைப் பிடிக்கச் சொல்கிற பேச்சு வந்தால் யாராவது டீ வந்துவிட்டது என்பார்கள், யாராவது அவனுக்கு முழங்கை வலி என்பார்கள், ஒச்சம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு மழை வரும் போலிருக்கிறது என்பாள். பயல் இன்னும் பயத்தில் கிடக்கிறான், ஊர் அவனைத் தாங்குகிறது என்று சுருளி நினைத்தான், ஊர் மேல் அவனுக்குப் பாசமாகக்கூட வந்தது.

அந்தப் பாசத்தில்தான் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாண்டே நிறைந்து கிடக்கும்போது, குபேந்திரனின் தோளில் கையைப் போட்டான்.

"மாப்ள, ஏறு."

"வேணாம் மாமா."

"ஏறுடா. ஒன் மேல என்னடா தப்பு? நீ ஒடிச்ச, வண்டி திரும்பல. விட்டது நான். இப்ப ஒரு இம்மி ஆட்டம் கெடையாது. ஒரு தடவ புடி, பயம் விட்டுப் போயிரும்."

"அந்தப் பிள்ளைய விடுய்யா சுருளி, டீ ஆறுது" என்றாள் வீரம்மாள். அவள் குரல் வழக்கமாக இல்லை. மொக்கராசு வாயில் வைத்த வடையை மெல்லாமல் நின்றான். ஸ்டாண்டில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள், தன் தம்பிக்குக் கொடுக்கிற மரியாதை என்று சுருளி அதை எடுத்துக்கொண்டான், அவனுக்குக் கண் கலங்கியது. குபேந்திரனைக் குழந்தையைப் போலத் தூக்கி உட்கார வைத்து, தான் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டு, அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து ஸ்டியரிங்கில் கொண்டுபோய் வைத்தான்.

ஜீப் கிளம்பியது. மலைப் பக்கம்தான் திரும்பியது. தேன்பாறைக்குப் போகிறது, பாவம் அவன் மனசும் அங்கேயேதான் கிடந்திருக்கிறது என்று சுருளி அவன் முதுகைத் தடவினான். குபேந்திரனோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பெட்ரோல் பங்கு, பெட்ரோல் பங்கு" என்று மந்திரம் மாதிரி முனகிக்கொண்டு வந்தான், அது எடுபடாமல் போனதும் "மாரியம்மன் கோயிலு, கோயிலு" என்றான், பிறகு சினிமாக் கொட்டகை என்றான், ஜீப் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேன்பாறை வளைவு வந்தபோது சுருளியும் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி நிற்கும், இறங்கி இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிட்டு வரலாம் என்று இருந்தான். வண்டி நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்காமல் அந்த வளைவைத் தாண்டி, அங்கே எப்போதும் ஒன்றுமே நடந்ததில்லை என்கிற மாதிரி மேலே ஏறியது.

"நிக்கலையே மாப்ள" என்றான் சுருளி.

குபேந்திரன் அழுதான். உச்சியைத் தாண்டி, மலையின் அந்தப் பக்கம் இறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவில் போகிற மண்பாதையில் திரும்பி, தகரக் கூரை போட்ட ஒரு வீட்டு வாசலில், தினமும் வந்து பழகியது போல ஜீப் நின்றது. சத்தம் கேட்டு உள்ளே இருந்து, "வாடா குபேந்திரா, என்ன வண்டியில வந்திருக்க" என்று சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வெளியே வந்தவன் சன்னாசி.

கன்னம் சதை போட்டிருந்தது. மீசை அடர்ந்திருந்தது. சுருளிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், உசுரோட இருக்கான், என் தம்பி உசுரோட இருக்கான் என்று உடம்பு பூராவும் ஓடியது, வண்டியை விட்டுக் குதித்தான். சன்னாசி அவனைப் பார்த்தான். பார்த்தவன் இரண்டடி பின்னால் போய், ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் பின்னாலே நின்ற சின்னப் பெண்பிள்ளையைத் தன் முதுகுப் பக்கம் தள்ளினான். அந்தக் கை உயர்ந்த விதத்தைப் பார்த்ததும் சுருளியின் சந்தோஷம் நின்ற இடத்திலேயே புளித்துப் போயிற்று.

"ஒன் சட்டைய எரிச்சேன்டா" என்றான். "மொட்ட போட்டேன்டா. சோறு வச்சேன்டா."

"தெரியும்ணே" என்றான் சன்னாசி முகத்தை மறைத்தபடியே. "குபேந்திரன் வந்து சொல்லுவான். ரொம்ப அழுதியாமே."

"வண்டி?"

"வெறும் வண்டியத்தான்ணே தள்ளிவிட்டோம். நீ தேடி வந்துறக் கூடாதுன்னு."

அந்த நிமிசத்தில் சுருளிக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். சுடுகாட்டில் தான் குப்புற விழுந்து அழுதபோது தூக்கிவிட்ட கைகள் எல்லாம் ஞாபகம் வந்தன, மொக்கராசு தூக்கினான், வீரம்மாள் சோடா உடைத்துக் கொடுத்தாள். "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற புஷ்பம்தான் சொன்னாள், அவளுக்கு அவனிடம் பயம் இருந்தாலும் பொய் சொல்லி அலுத்துப் போயிருந்தது. "எல்லாருக்கும்தான் தெரியும். ஒச்சம்மாக்கா எல்லாம் வேல முடிஞ்சு இங்கன தண்ணி குடிச்சிட்டுத்தான் எறங்குவாங்க."

அவன் ஜீப்பில், அவனுக்குப் பின்னால், இந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அத்தனை பேரும் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். யாருக்கெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முறை, யார் யார் பிடிக்கக் கூடாது என்று அவர்கள் பேசி வைத்திருந்ததெல்லாம் எதற்கென்று இப்போது விளங்கியது. கேட்க இன்னும் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதை அவன் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சன்னாசியின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளை போட்டிருந்த பாவாடை, போன பொங்கலுக்கு அவன் பவுன்தாய்க்கு எடுத்துக் கொடுத்த ஊதாச் சேலையில் வெட்டித் தைத்தது. ஓடையில் துவைக்கும்போது தண்ணியோடு போய்விட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். போனா போகுது, வேற எடுத்துக்கலாம் என்று அவன் ஆறுதல் சொல்லியிருந்தான்.

"உள்ள வாண்ணே" என்றான் சன்னாசி கையை இறக்கி. சுருளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். எத்தனையோ தடவை மனசுக்குள் இந்த முகத்திடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், கேட்டதெல்லாம் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தனிடம். திரும்பி, ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்த குபேந்திரனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தான். ஜீப் மலையை விட்டு இறங்கியது. ஸ்டாண்டில் அத்தனை பேரும் போட்டது போட்டபடி எழுந்து நின்றார்கள், ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வீரம்மாள் மட்டும் "சுருளி" என்று கூப்பிட்டாள். சுடுகாட்டுக்குப் பிரிகிற பாதையை வண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வீட்டுக்குப் போயிற்று.

பவுன்தாய் வாசலில் நின்றாள். செய்தி அவனுக்கு முந்தி வந்துவிட்டது போலிருந்தது, இல்லை என்றால் ஜீப் கிளம்பின சத்தத்திலிருந்தே நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"பாத்துட்டீங்களா" என்றாள்.

"நீயுமா பவுனு? ஊருக்காரய்ங்கள விடு. ஒன் தம்பிய விடு. நான் தெனமும் ஒன் மடியிலதானடி படுத்து அழுதேன். என்னாலதான் செத்தான், என்னாலதான் செத்தான்னு ஒங்கிட்டதானடி சொன்னேன். தலையத் தடவிக்குடுத்தியேடி."

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் பவுன்தாய். அவள் அழவில்லை. "காரியம் முடிஞ்ச அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க சுடுகாட்டுல இருந்து வந்து, ஒரு வாய் தண்ணி குடு பவுனுன்னு கேட்டீங்க. கல்யாணமாகி அன்னைக்குத்தாங்க எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அதுக்கு முன்னாடி ஏய்தான், சனியந்தான். நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு பாத்தேன். மறுநா தட்டக் கழுவி வச்சீங்க. அதுக்கப்புறம் கை நீட்டல. ஊரு பூராவும் வந்து எங்கிட்டச் சொன்னாய்ங்க, சொல்லிறாத பவுனு, சொன்னா பழைய சுருளி வந்துருவான்னு. அடிக்காத ஒரு புருசன் எனக்குக் கெடச்சிருந்தான். அவன நான் எப்பிடிங்க தொலைப்பேன்?"

"அதுக்கு நான் சாகணுமா தெனமும்?"

"நானும் அப்பிடித்தான செத்தேன், அதுக்கு முன்னாடி."

அவன் நினைப்பதற்கு முந்தியே கை தூக்கிவிட்டது. எங்கே போயிருந்தது இத்தனை நாளும் என்று கேட்கிற மாதிரி, அந்தப் பழைய கை, விரல்கள் விரிந்து, அவள் கன்னத்துக்கு நேரே உயர்ந்து நின்றது. பவுன்தாய் முகத்தை மறைக்கவில்லை, பின்னால் போகவில்லை. தெரிந்த ஆள் ஊரிலிருந்து வந்துவிட்டதைப் பார்க்கிறவள் போல அந்தக் கையைப் பார்த்தாள்.

"இதாங்க" என்றாள். "இதுக்குத்தாங்க சொல்லல."

அந்தக் கையால் அடிக்கவும் முடியாமல் அதை இறக்கவும் முடியாமல் அவன் நின்றான். தெருவில் ஆட்கள் வந்து நின்றார்கள், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பவுன்தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.